துண்டு மடிக்கும் நேரம்

சில பதவிகளுக்குப் படிப்பு வேண்டும், சிலவற்றுக்குச் சிபாரிசு போதும். தனக்கென்று ஒரு கருத்தும் இல்லை என்ற ஒரே தகுதியை வைத்துக்கொண்டு ஒருவர் பதினேழு ஆண்டுகள் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பதினொரு பேர் கூட்டாக நடத்தும் ஒரு சலவைக்கூடத்தின் தலைவர் அவர். அங்கே முதலாளி என்று தனியாக யாரும் கிடையாது. பதினொரு பேரும் முதலாளிகள், பதினொரு பேரும் தொழிலாளிகள். ஆகவே முதலாளியைத் திட்ட வேண்டும் என்று யாருக்காவது தோன்றினால் கண்ணாடி முன்னால்தான் போய் நிற்க வேண்டும்.

அவருக்குப் பட்டப்பெயர் ‘எதுனாலும் அண்ணன்’. வைத்தது அவருடைய மனைவி. “இன்னிக்கு என்ன சமைக்கட்டும்?” என்று காலையில் மனைவி கேட்பார். “எதுனாலும் சரி” என்று பதில் வரும். “இருபத்தஞ்சு வருஷமா இதையே ஒரு சுவத்துகிட்ட கேட்டிருந்தா, அது கூட இதுக்குள்ள ஏதாவது ஒரு காய் பேரைச் சொல்லியிருக்கும்” என்பார் மனைவி. ஒருநாள் மறந்து வைத்துவிட்ட சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கொடுக்கச் சலவைக்கூடத்துக்கு வந்தவர், எல்லோர் முன்னாலும் இதைச் சொல்லிவிட்டுப் போனார். பாத்திரம் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பிப் போனது. பெயர் அங்கேயே தங்கிவிட்டது.

சலவைக்கூடம் ஒரே நீளக் கூடம். ஒரு கோடியில் துவைக்கும் இயந்திரங்கள், பிழியும் இயந்திரம், எப்போதும் ஈரமாகவே இருக்கும் சிமென்ட் தரை. மறுகோடியில் உலர்த்தும் இயந்திரமும் இஸ்திரி மேசைகளும். ஈரப் பக்கத்துக்குத் தலைமை, எல்லோரும் அத்தை என்று கூப்பிடும் ஒரு பெண்மணி. இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகியவர், இயந்திரங்கள் நின்ற பிறகும் அதே குரலில்தான் பேசுவார். உலர்ந்த பக்கத்துக்குத் தலைமை இஸ்திரிக்காரர். அவர் சட்டையில் ஒரு சுருக்கத்தையும் யாரும் கண்டதில்லை, அவர் நெற்றி சுருங்காமலும் யாரும் கண்டதில்லை. எதுனாலும் அண்ணனின் மடிப்பு மேசை உலர்ந்த பக்கத்தில் இருந்தாலும் ஈரப் பக்கத்துக் காற்று படும் இடம்.

கூட்டு தொடங்கிய முதல் வாரத்தில், கூடத்தின் ஒரே சன்னலைத் திறந்து வைப்பதா மூடி வைப்பதா என்று கூட்டம் போட்டார்கள். ஆவி வெளியே போக வேண்டும், திற என்றது ஈரப் பக்கம். தெருப் புழுதி வெள்ளை விரிப்பில் படிகிறது, மூடு என்றது உலர்ந்த பக்கம். நான்கு மணி நேரம் போனது. கடைசியில் யாரோ மடிப்பு மேசைப் பக்கம் திரும்பி, “நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டார்கள்.

“எனக்கு எதுனாலும் சரி.”

அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் ஒருசேரத் தோன்றிய முதல் எண்ணம் அப்போதுதான் தோன்றியது: இந்த ஆள் எதிர்ப்பக்கத்துக்குப் போக மாட்டார். அங்கேயே அவரைத் தலைவராக்கினார்கள். சன்னல் பாதி திறந்தபடி நிற்கட்டும் என்று முடிவாயிற்று. அதாவது ஆவியும் போகவில்லை, புழுதியும் நிற்கவில்லை. இதற்குச் சமரசம் என்று பெயர் வைத்தார்கள்.

விதிகளை ஒரு நோட்டில் எழுதி ஆணியில் மாட்டியிருந்தார்கள். எழுதுவது இஸ்திரிக்காரர், ஏனென்றால் அவர் எழுத்தும் இஸ்திரி போட்டது போலவே இருக்கும். இரண்டாம் விதி, தீர்மானம் எதைப் பற்றியும் தலைவர் பேசக் கூடாது என்றது. அவருக்கு இது ஒரு நஷ்டமாகவே தெரியவில்லை. நான்காம் விதிக்குத்தான் ஒரு கதை உண்டு.

இரண்டாவது கூட்டத்தில், அத்தை குழாயை மூட எழுந்து போன நேரத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறிவிட்டது. திரும்பி வந்தவர் கொதித்துப் போனார். “நான் குழாயை மூடப் போன நேரத்துல என் வாயையும் சேர்த்து மூடிட்டீங்களா?”

எதிர்ப்பவர்களுக்கு நேரம் கொடுக்க வேண்டும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். எவ்வளவு நேரம்? ஒரு நிமிடம் என்றார் ஒருவர். யார் கடிகாரப்படி என்றார் இன்னொருவர். இது இன்னொரு சன்னலாக மாறப் போகிறது என்று பட்டபோது, பேச்சு நடக்கும்போதும் வேலையை விடாத தலைவர், கையில் இருந்த பெரிய குளியல் துண்டைப் பார்த்தார். “நான் இதை மடிச்சு முடிக்கிறதுக்குள்ள சொல்லுங்களேன்” என்றார். அதுவே நான்காம் விதியாயிற்று: தலைவர் துண்டை மடித்து முடிக்கும்வரை ஆட்சேபணை தெரிவிக்கலாம்.

அப்போது அவர் அந்த வேலைக்குப் புதுசு. நீளவாக்கில் ஒன்று, குறுக்கே இரண்டு, கடைசியாக ஓரத்தைத் தடவி ஒன்று என நான்கு மடிப்புக்கு அவருக்கு முழுசாக ஒரு நிமிடம் பிடிக்கும். ஓர் ஆள் எச்சில் விழுங்கி, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு வாயைத் திறக்க அது போதும். ஆனால் மனிதர் நாளைக்கு அறுநூறு துண்டு மடித்தார். கை பழகியது. ஐந்தாம் ஆண்டில் இருபது விநாடி, பத்தாம் ஆண்டில் பத்து, பதினேழாம் ஆண்டில் ஆறு. மூக்கைச் சொறிந்துவிட்டு எதிர்க்கலாம் என்று நினைத்தவர் மூக்கோடு நின்றுவிட வேண்டியதுதான். ஆட்சேபிக்கும் நேரம் பத்தில் ஒன்றாகச் சுருங்கியது. யாரும் தீர்மானம் போட்டுச் சுருக்கவில்லை. ஒரு நல்ல தொழிலாளி தன் தொழிலில் தேர்ந்துகொண்டே போனார், அவ்வளவுதான். நோட்டில் கடைசி ஆறு ஆண்டுகளாக எல்லாத் தீர்மானத்துக்குக் கீழேயும் ‘ஏகமனதாக’ என்றே இருக்கிறது. “எங்க கூட்டத்துல சண்டைன்னு ஒண்ணு கிடையாது” என்று வெளியாட்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

பிரிக்கும் வேலை பார்த்தவரை எல்லோரும் ‘பிரிக்கிற அக்கா’ என்பார்கள். உலர்ந்து வரும் துணி யாருடையது என்று பார்த்துத் தனித்தனித் தள்ளுவண்டியில் போடுவது அவர் வேலை. ஒரு மருத்துவமனை, ஒரு தங்கும் விடுதி, இரண்டுக்கும் ஒரே அளவு வெள்ளை விரிப்புகள். மருத்துவமனை விரிப்பின் மூலையில் பச்சை நூல் தைத்திருக்கும், விடுதி விரிப்பில் நீல நூல். மற்றபடி இரட்டைப் பிள்ளைகள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் ஒருநாள், மருத்துவமனை வண்டியிலிருந்து எடுத்த விரிப்பை மடிக்கும்போது தலைவரின் கட்டைவிரலுக்கு அடியில் நீல நூல் வந்தது. எடுத்து விடுதி அடுக்கில் வைத்தார். மறுநாள் மூன்று வந்தன. அடுத்த வாரம் ஐந்து. நிமிர்ந்து பார்த்தார். பிரிக்கிற அக்கா ஒரு மூலையை வெளிச்சத்தில் பிடித்து, சாய்த்து, நேராக்கி, பிறகு ஏதோ ஒரு வண்டியில் போட்டுக்கொண்டிருந்தார். மனிதருக்கு விஷயம் புரிந்தது. அன்றிலிருந்து அவர் கட்டைவிரலுக்கு இன்னொரு வேலை சேர்ந்தது. கருத்தே இல்லாத மனிதர், தினமும் கூட்டைக் கேட்காமல், கூட்டின் சார்பில் ஒரு முடிவு எடுத்துக்கொண்டிருந்தார். அதை முடிவு என்று யாராவது சொல்லியிருந்தால் பதறிப்போயிருப்பார்.

பிறகு ஒரே மாதத்தில் விடுதியிலிருந்து மூன்று புகார்கள் வந்தன. முதல் இரண்டும் தொலைபேசியில். மூன்றாவது கடிதம்: உங்கள் கட்டுகளில் மீண்டும் பச்சை நூல் விரிப்புகள், எங்கள் விருந்தினர்கள் நோயாளிகள் அல்லர், இன்னொரு முறை நடந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம்.

தலைவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு விரிப்பு கூடத் தன் கைக்குத் தப்பவில்லை என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் அதை எப்படிச் சொல்வது? சொன்னால், எதற்காகப் பார்த்தீர்கள் என்று கேட்பார்கள்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் இயந்திரங்களை நிறுத்திவிட்டுக் கூட்டம் கூடியது. பதினொரு பேரும் வட்டமாக, கவிழ்த்த கூடைகளிலும் துணி மூட்டைகளிலும் உட்கார்ந்தார்கள். பிரிக்கிற அக்கா தன் வழக்கமான இடத்தில், தூணுக்குப் பக்கத்தில். இஸ்திரிக்காரர் கடிதத்தை வாசித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்மானத்தை வாசித்தார். பிரிக்கும் வேலைக்கு வேறு ஆள் போடுவது. இப்போது அந்த வேலையில் இருப்பவருக்குக் கொடுக்க வேறு வேலை இல்லாததால், மாதக் கடைசியில் அவரைக் கூட்டிலிருந்து விடுவிப்பது.

அக்காவின் பேர் அதில் இல்லை. பேரைச் சொல்லாமல் ஓர் ஆளை வெளியே அனுப்புவது கொஞ்சம் மரியாதையான காரியம் என்று இஸ்திரிக்காரர் நினைத்திருக்கலாம்.

“ஆட்சேபணை உண்டா?” என்று கேட்டுவிட்டுத் தலைவர் துண்டை எடுத்தார்.

நீளவாக்கில் ஒன்று. அத்தை தரையைப் பார்த்தார். குறுக்கே ஒன்று. அத்தையின் மருமகன் கூரையைப் பார்த்தார். கட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுப்பவர் அவர்தான். அத்தைக்கு மருமகன் என்பதால் எல்லோருக்கும் மாப்பிள்ளை. குறுக்கே இன்னொன்று. அக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லி மடியில் வைத்துவிட்டுப் போனவை போல. மூன்று மடிப்புகள், ஐந்து விநாடிகள். இன்னும் ஒரு மடிப்பு விழுந்தால் அக்கா வெளியே.

துண்டு தலைவரின் கையிலேயே நின்றது. பிறகு அவர் அதை உதறிப் பிரித்தார்.

“ஓரம் சேரலை” என்றார் பொதுவாக.

மறுபடி மடித்தார். மூன்றாவது மடிப்பில் மறுபடி பிரித்தார்.

“என்னண்ணே, மடிக்க மறந்துபோச்சா?” என்றார் இஸ்திரிக்காரர்.

“ஓரம் சேரலப்பா.”

“பதினேழு வருஷமா சேர்ந்த ஓரம்.”

“இன்னிக்குச் சேர மாட்டேங்குது. துண்டைக் கேளு.”

ஆறு விநாடி மௌனத்தை யாரும் தாங்கிக்கொள்ளலாம். அது மௌனம்கூட அல்ல, மூச்சு விடும் இடைவெளி. ஒரு நிமிட மௌனம் வேறு ரகம். அதில் குழாய் சொட்டுவது கேட்கிறது. பக்கத்து ஆள் அசைவது கேட்கிறது. அவரும் எதையோ விழுங்கிக்கொண்டிருக்கிறார் என்று தெரிகிறது. தலைவர் நான்காவது முறையாகத் துண்டை உதறியபோது மாப்பிள்ளையால் முடியவில்லை.

“நான் ஒண்ணு சொல்லலாமா?”

“வாய் இருந்தா சொல்லு. அதுக்கு எதுக்கு மனு?” என்றார் மாமியார்.

“அக்காவுக்குப் பச்சையும் நீலமும் சரியாத் தெரியலைன்னு எனக்குத் தெரியும். ஒரு மாசமாத் தெரியும். அவங்க மாத்திப் போடறதைப் பாத்தேன். பாவம், யார்கிட்டயும் சொல்ல வேணாம்னு... எத்தனை விரிப்பு மாத்திப் போடறாங்கன்னு தூர நின்னு எண்ணிக்குவேன். வண்டியில ஏத்தறப்ப மருத்துவமனைக் கட்டுலேர்ந்து அத்தனையை எடுத்து விடுதிக் கட்டுல சொருகிடுவேன்.”

“நூலைப் பாத்தா எடுத்தே?” என்றார் தலைவர். துண்டு கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. இரண்டாம் விதியும் கூடவே விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை.

“எப்படிப் பாக்கறது? நீங்க மடிக்கிற மடிப்புல மூலை உள்ள போயிடுதே. எண்ணிக்கைப்படி எடுத்தேன்.”

“அதையெல்லாம் நான் முன்னாடியே மாத்தி வச்சிட்டேன்யா!”

“நீங்களா? எப்பலேர்ந்து?”

“ரெண்டு வருஷமா.”

இஸ்திரிக்காரர் கடிதத்தையும் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இருங்க, இருங்க. அக்கா தப்பாப் போட்டதை நீங்க சரியாக்கினீங்க. நீங்க சரியாக்கினதை மாப்பிள்ளை தப்பாக்கினாரு. புகார் வந்த மூணு தடவையும் விடுதிக்குப் போன தப்பு அக்கா பண்ணினது இல்ல. அக்காவுக்கு நல்லது பண்ணப் போன நீங்க ரெண்டு பேரும்தான் பண்ணீங்க.”

“நல்லா எண்ணினாரு எங்க மாப்பிள்ளை” என்றார் அத்தை. “என் பொண்ணைக் கட்டிக் குடுக்கறப்பவே நான் சொன்னேன், கணக்கு வராதுன்னு.” பிறகு குரலைத் தாழ்த்தி, அதாவது மற்றவர்கள் பேசும் அளவுக்குக் கொண்டு வந்து, “எனக்கும் தெரியும்” என்றார். “மருத்துவமனைத் துணி காலையில, விடுதித் துணி மதியம்னு தனித்தனியாப் போடறேன் பாரு. சோப்பு வேறன்னு சொன்னேனே, அது பொய். ஒரே சோப்புதான். கலந்து போட்டா அவளால பிரிக்க முடியலைன்னுதான். பிழியற மிஷின் மக்கர் பண்ற நாள்லதான் ரெண்டும் கலந்துடுது.”

இஸ்திரிக்காரர் நோட்டை மூடினார். நெற்றிச் சுருக்கங்கள் இடம் மாறின. “அப்ப எல்லாருக்கும் தெரியும். யாருமே அக்கா போகணும்னு நெனைக்கல. பின்ன ஏன் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க?”

“தீர்மானம் போட்டது நீயாச்சே!” என்றார் அத்தை.

“கடுதாசி வந்திருக்கு, யாராவது ஒண்ணு போட்டாகணுமேன்னு போட்டேன். போட்டா எவராவது எதிர்ப்பீங்க, அப்படியே விட்டுடலாம்னுதானே போட்டேன்! நீங்க பாட்டுக்குத் தரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா நான் என்ன பண்றது? இன்னொரு மடிப்பு விழுந்திருந்தா நானே அக்காவை அனுப்பியிருப்பேன், தெரியுமா?” சொல்லிக்கொண்டே தன் சட்டை நுனியைக் கசக்கினார். அந்தச் சட்டைக்குள் ஒரு மனிதர் இருக்கிறார் என்று பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

“எல்லாரும் முடிச்சாச்சா?”

தூணுக்குப் பக்கத்திலிருந்து வந்தது குரல். அக்காவும் ஓர் உறுப்பினர், அவருக்கும் வாய் உண்டு என்பது அதுவரை யாருக்கும் நினைவில் இல்லை.

“ரெண்டு வருஷமா ஒருத்தர் துணி மாத்தறீங்க, ஒருத்தர் எண்ணறீங்க, ஒருத்தர் சோப்புல பொய் சொல்றீங்க. ரொம்ப நல்ல மனசுதான். ஒருத்தராவது என்கிட்ட வந்து, கண்ணு எப்படி இருக்குன்னு கேட்டீங்களா?”

குழாய் சொட்டியது. இம்முறை மௌனத்துக்குத் துண்டே தேவைப்படவில்லை.

“நீயாவது எதிர்த்திருக்கலாமே” என்றார் அத்தை கடைசியில்.

“நான் போகணும்னு பத்துப் பேரும் நெனைக்கறீங்க போலன்னு நெனச்சேன். பத்துப் பேரு நெனைக்கறப்ப நான் ஒருத்தி கை தூக்கி என்ன ஆகப் போகுது?” அக்கா எழுந்து மடிப்பு மேசைக்கு வந்தார். ஒரு விரிப்பை எடுத்து மூலையைக் கட்டைவிரலால் தடவினார். “டாக்டர்கிட்டயும் காட்டிட்டேன். கண்ணாடி போட்டாலும் இப்படித்தான் இருக்குமாம். பச்சையும் நீலமும் ஒண்ணாத்தான் தெரியும். ஆனா விரலுக்கு ஒண்ணும் ஆகல. விடுதித் துணி மூலையில ரெண்டு முடிச்சு, மருத்துவமனைத் துணியில ஒரு முடிச்சு நூலால போட்டா தடவியே பிரிச்சிடுவேன். இதைச் சொல்லணும்னு ஆறு மாசமா வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா கண்ணு விஷயம் வெளிய வந்துடுமேன்னு முழுங்கிட்டேன்.”

தீர்மானம் வாக்குக்கு வந்தது. பதினொரு பேரும் எதிர்த்தார்கள். இஸ்திரிக்காரருக்கு இதை எப்படி எழுதுவது என்ற சங்கடம் வந்தது. கடைசியில் அழகான கையெழுத்தில், ‘முன்மொழிந்தவர் உட்பட அனைவரும் எதிர்த்ததால் தோற்றது’ என்று எழுதினார். முடிச்சுப் போடும் யோசனை உடனே நிறைவேறியது. மறுநாள் இயந்திரங்களை ஓட்டாமல் பதினொரு பேரும் ஊசியோடு உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையிடம் மட்டும் யாரும் எண்ணிக்கை கேட்கவில்லை.

ஆனால் அதற்கு முன்பு, வெள்ளிக்கிழமையே, இன்னொரு விவகாரம் பாக்கியிருந்தது.

“தலைவருக்குக் கருத்து இருக்கு” என்றார் இஸ்திரிக்காரர். “ரெண்டு வருஷமா இருந்திருக்கு. மறைச்சிருக்காரு.”

“அது கருத்து இல்ல” என்றார் தலைவர் தயக்கமாக. “கட்டைவிரல்.”

“அப்ப இன்னிக்குத் துண்டு?”

தலைவர் குனிந்து, தரையில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார். “சரி, இவ்வளவு ஆயாச்சு. அந்தச் சன்னலைப் பத்தி நீங்க என்னதான் நெனைக்கறீங்க? ஒரு தடவை சொல்லுங்க, கேட்டுக்கறோம்.”

பழக்கதோஷத்தில் அந்த இரண்டு சொற்களும் அவர் உதடு வரைக்கும் வந்தன. வந்தவை திரும்பிப் போயின. “மூடணும்” என்றார். “பதினேழு வருஷமா எனக்கு முதுகுல குளிரடிக்குது.”

உலர்ந்த பக்கம் கை தட்டியது. ஈரப் பக்கம் கொதித்தது. கடைசியில் வாக்கெடுத்தார்கள். புழுதிப் பேச்சை எல்லாம் விட்டுவிட்டு உலர்ந்த பக்கத்திலேயே இரண்டு பேர், கோடைக்காலம் வருகிறதே என்று கட்சி மாறினார்கள். அவர் வாழ்க்கையில் வெளியே சொன்ன முதல் கருத்து ஏழுக்கு நான்கு என்று தோற்றுப்போனது. தலைவர் பதவியும் அன்றோடு போனது. கருத்துள்ளவரை அந்த நாற்காலியில் வைக்கக் கூடாது என்பதில் இரு பக்கமும் ஒன்றாக நின்றன. கருத்தே இல்லாத இன்னொருவர் கிடைக்காததால் மாதத்துக்கு ஒருவர் என்று முறை வைத்தார்கள். நான்காம் விதியில் ‘தலைவர்’ என்ற சொல்லை அடித்துவிட்டு ‘மாப்பிள்ளை’ என்று எழுதினார்கள். அவர் ஒரு துண்டை மடிக்க ஒன்றரை நிமிடம் ஆகிறது, அதற்குப் பிறகும் அது மடித்தது போல இருக்காது. இப்போது கூட்டங்கள் இரு மடங்கு நீள்கின்றன, சண்டையும் உண்டு. வெளியாட்களிடம் பெருமை பேசுவது குறைந்திருக்கிறது.

வீட்டில் மனைவிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. “ஊருக்கெல்லாம் கருத்து சொல்றீங்களாமே? இன்னிக்கு என்ன சமைக்கட்டும்?” என்று இடுப்பில் கை வைத்துக் கேட்டார். அண்ணன் நெடுநேரம் யோசித்தார். “நீ என்ன சாப்பிடணும்னு நெனைக்கறே?” என்று திருப்பிக் கேட்டார். இருபத்தைந்து ஆண்டுகளில் யாரும் கேட்காத கேள்வி அது. மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

மடிப்பு மேசையில் அவர் கட்டைவிரல் மட்டும் பழைய வழக்கத்தை விடவில்லை. முடிச்சுப் போட்ட முதல் மூன்று நாட்கள் ஒரு விரிப்பு கூட இடம் மாறி வரவில்லை. நான்காம் நாள், மருத்துவமனை வண்டியில் கையை விட்டவரின் விரலில் இரண்டு முடிச்சு இடறியது. அவர் கை தானாகவே விடுதி அடுக்கை நோக்கிப் போனது. பாதியில் நிறுத்தினார். விரிப்பைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

“அக்கா, இது ஒண்ணு மாறி வந்திருக்கு.”

பிரிக்கிற அக்கா வேலையை நிறுத்தாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல், “தெரியும்” என்றார். “நான்தான் போட்டேன். வாயைத் திறந்து சொல்றீங்களான்னு பாத்தேன்.”